அம்மாவின் மூச்சை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

அம்மா இப்போது நடுவில் நிற்காமல் மாடிப்படி ஏறிவிடுகிறார். உங்களிடம் தனித்தனியாக நன்றி சொன்னது மனதுக்குப் போதவில்லை. அதனால் எல்லோரும் அறிய எழுதுகிறேன்.

முதலில், நுரையீரல் மருத்துவருக்கு நன்றி. அம்மாவுக்கு வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் மாதக்கணக்கில் இழுத்தடித்தன. ஆன்டிபயாடிக் எதற்கும் கேட்கவில்லை. காசநோயும் இல்லையென்று வந்துவிட்டது. நீங்கள் முதுகின் அடிப்பக்கத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டீர்கள். பிறகு குறிப்பெடுத்துக்கொண்டே, "வீட்ல பறவை ஏதாவது இருக்கா? சுவர்ல பூஞ்சை? இறகுத் தலையணையா?" என்று விசாரித்தீர்கள். பால்கனியில் அடையும் புறாக்களைப் பற்றி அம்மா சொன்னதும் உங்கள் கை நின்றது. என்னைக் கேட்டால், வைத்தியம் அந்த இடத்திலேயே தொடங்கிவிட்டது.

கிருமியே இல்லாமலும் நுரையீரலில் அழற்சி வரும் என்பது எங்களுக்குப் புதிது. புறா எச்சத்திலும் இறகுத் தூளிலும் உள்ள புரதத்தை மூச்சோடு இழுக்க இழுக்க, உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே காற்றறைச் சுவர்களில் குவிந்து அவற்றைத் தடிக்க வைக்கின்றனவாம். இதற்கு ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ் என்று பெயர். பூஞ்சை பிடித்த வைக்கோலோடு வேலை செய்த இங்கிலாந்து விவசாயிகளிடம் 1932-லேயே இந்த வகை நோயைப் பதிவு செய்திருக்கிறார்கள். காரணத்தை விலக்காமல் விட்டால் தழும்பாகிவிடும், தழும்பான பகுதி பழையபடி ஆகாது என்று நீங்கள் ஒளிக்காமல் சொன்னதற்கும் நன்றி.

சி.டி. படத்தில் பனி படிந்த கண்ணாடிபோல் மங்கிய இடங்களை விரல் வைத்துக் காட்டிய ஸ்கேன் மருத்துவருக்கும், நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் கூடியிருப்பதைக் கண்டு சொன்ன, நாங்கள் முகம் பார்த்திராத ஆய்வக நண்பர்களுக்கும் நன்றி. குழாயில் ஊதவைத்து மூச்சின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி அறைத் தம்பி, "ஊதுங்கம்மா, விடாதீங்க, இன்னும் இன்னும்" என்று நீங்கள் குரல் கொடுப்பீர்கள். இருமல் வந்து பாதியில் நின்றபோதெல்லாம் முகம் சுளிக்காமல் தண்ணீர் கொடுத்துக் காத்திருந்தீர்கள். அம்மா உங்களைப் பற்றிப் பேசாத நாளில்லை.

அழற்சியைத் தணிக்கக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை நாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைவூட்டிய நர்ஸ் அக்காவுக்கும் என் நன்றி.

எங்கள் மாடி அண்ணன்களே, அம்மாவைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என்95 மாஸ்க் போட்டு, தூள் பறக்காதபடி எச்சத்தை நனைத்துச் சுரண்டி, பால்கனிக்கு வலையும் அடித்துக் கொடுத்தீர்கள். மருந்து பாதி என்றால் நீங்கள் செய்தது மீதிப் பாதி. தொற்றிக்கொள்ளுமோ என்று சிலர் ஒதுங்கியிருந்த நாட்களில், "இது ஒட்டுற நோயில்லை" என்று சொல்லி அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு அத்தைக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

மாத்திரை இப்போது குறைந்த அளவுக்கு வந்துவிட்டது. அடுத்த பரிசோதனைக்கு வரும்போது உங்கள் எல்லோரையும் நேரில் பார்க்க வேண்டும் என்கிறார் அம்மா.

நன்றியுடன்,
அவர் மகள்