காரணமில்லாத நெரிசல்

ஆசிரியருக்கு,

விரைவுச்சாலையில் நெரிசல் என்றாலே இன்னொரு தடம் போடுங்கள் என்கிறோம். ஆனால் விபத்தோ பழுதோ எதுவுமில்லாமல் வண்டிகள் நின்று நின்று போவதை எல்லோரும் பார்த்திருப்போம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே சீரான வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் நெரிசல் தானாகவே வந்துவிட்டது! முடிவுகள் 2008-இல் வெளியாயின. ஒருவர் லேசாக பிரேக் போட, பின்னால் வருபவர் இன்னும் கொஞ்சம் அழுத்திப் போட, அது அலையாகப் பின்னோக்கி நகர்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

பிறகு அரிசோனாவில் இதேபோன்ற வட்டத்தில் ஒரே ஒரு தானியங்கிக் காரை விட்டுப் பார்த்தார்கள். அது இடைவெளி விட்டு நிதானமாகப் போனதில் அலை பெரிதும் அடங்கியது. மற்ற கார்களை ஓட்டியவர்கள் மனிதர்கள்தான்.

இதற்காக, இப்போது கார்களில் வரும் தானியங்கி வேகக் கட்டுப்பாடே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. முன்னால் போகும் வண்டியை ரேடாரில் மட்டும் பார்த்து ஓடும் அமைப்புகள் சிலவற்றில் அலை இன்னும் பெரிதானதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நாலைந்து வண்டிக்கு முன்னால் பிரேக் பிடித்த செய்தி ரேடியோ அலைவழி உடனே வந்து சேர்ந்தால் இன்னும் சீராக வேகம் குறைக்க முடியும்.

சரி, அதற்கு எல்லா நிறுவனங்களின் வண்டிகளும் ஒரே மொழி பேச வேண்டுமே? சாலை ஆணையங்கள் முதலில் அந்தப் பொதுத் தரத்தைக் கட்டாயமாக்கட்டும். தடம் போடுவதை அப்புறம் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்