ஏற்காட்டிலிருந்து இறங்கிய கையோடு

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. ஏற்காட்டில் சாரணர் கோடை முகாமில் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் விடமாட்டேன் என்கிறார்கள். மளிகைக் கணக்குப் பார்க்கவும் ராத்திரி கூடாரங்களைச் சுற்றி வரவும் ஒரு கிழவன் வேண்டியிருக்கிறது. உன் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம்.

பேரனை அடுத்த வருஷம் அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பு. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் வகுத்த ஆறு பயிற்சிகள், அதே விடியற்காலை பி.பி. சிக்ஸ், அதே கொடியேற்றம், கூடார ஆய்வு, கேம்ப் ஃபயர். நம்முடைய காக்கி போய்ச் சாம்பல் நிறச் சட்டை வந்திருக்கிறது, அவ்வளவுதான். மாறிப்போனவர்கள் பெற்றோர்தான். "தம்பி சாப்பிட்டானா, வெந்நீர் கிடைச்சுதா" என்று ஓயாமல் போன். ஒரு அப்பா, "ராஷ்டிரபதி விருது வாங்கினா ரயில்வேல சாரணர் கோட்டா உண்டாமே சார்" என்று விசாரித்தார். உண்டுதான். ஆனால் அவர் பையனுக்கு அன்றைக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டதே நான்தான்!

இந்தத் தடவை ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஒரே பள்ளிப் பிள்ளைகளை ஒரே அணியில் போடாமல், மெட்ரிக், அரசுப் பள்ளி, மலைக் கிராமத்துப் பள்ளி என்று கலந்து பிரித்தார்கள். கூட வந்த ஆசிரியர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் போட்ட முதல் முகாமே அப்படித்தானே? பணக்காரப் பள்ளிப் பையன்களையும், போர்ன்மவுத், பூல் ஊர்களின் சாதாரண வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூ பறவை என்று நாலு அணியாகப் பிரித்துவிட்டார். இது தெரியாமலே பலர் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டியிருக்கிறார்கள்.

மயில் அணிப் பையன்கள் தரை மெத்தென்று இருக்கிறதே என்று பள்ளமான இடத்தில் கூடாரம் அடித்தார்கள். "இங்க தண்ணி நிக்கும்" என்று மலைக் கிராமத்துப் பையன் ஒருவன் சொன்னான். அணித்தலைவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏற்காட்டுக் கோடை மழையைத்தான் உனக்குத் தெரியுமே, மத்தியானம் இடியோடு கொட்டித் தீர்த்தது. போர்வை, பை, ஒருவனுடைய முறுக்கு டப்பா எல்லாம் மிதந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. எட்டுப் பேரும் நனைந்தபடியே சண்டை போட்டு, பிறகு கூடாரத்தைப் பிடுங்கி மேட்டில் அடித்து, மேல்பக்கம் கால்வாய் வெட்டினார்கள். தலைவன்தான் மண்வெட்டி பிடித்தான். அந்த மலைக் கிராமத்துப் பையன் பக்கத்தில் நின்று "இன்னும் ஆழமா, இன்னும் சரிவா" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தான். பெரியவர்கள் நடுவில் புகுந்திருந்தால் இது ஒன்றும் நடந்திருக்காது.

கொரியாவில் நடந்த உலக ஜம்போரியை, அதாவது உலகச் சாரணர் பெருமுகாமைச் சொல்லி நீ பயந்திருந்தாய். 2023இல் சேமன்கும்மில் 40,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் கூடினார்கள். கடலைத் தூர்த்த வெட்டவெளி, நிழலுக்கு மரமில்லை, தண்ணீர் சரியாக வடியவில்லை. வெயிலில் நூற்றுக்கணக்கானோர் சுருண்டு விழ, பிரிட்டன் தன் பிள்ளைகளைப் பாதியிலேயே சியோலுக்கு அழைத்துப் போனது. பயம் நியாயம்தான். அதனால் எந்த முகாமானாலும் நிழல், குடிதண்ணீர், கழிப்பறை, வடிகால் நாலையும் கேட்டுக்கொண்டு அனுப்பு. ஏற்காட்டில் நான் பார்த்தவரை குறையில்லை. கழிப்பறை மட்டும் இன்னும் இரண்டு இருந்திருக்கலாம்.

பாத்திரமில்லாச் சமையல் அன்றைக்கு நீ இருந்திருக்க வேண்டும்! பெரிய வெங்காயத்தைக் குறுக்கே வெட்டி, உள்ளே குடைந்து, முட்டையை உடைத்து ஊற்றித் தணலில் வைத்தார்கள். அடி கரிந்தது, மேலே கொழகொழவென்று கிடந்தது. வீட்டில் தோசை ஓரம் முறுகினால் ஒதுக்கிவைக்கிற ஒரு வாண்டு, சாம்பலை ஊதி ஊதி அதை முழுசாகத் தின்றான். குச்சியில் சுற்றிச் சுட்ட சப்பாத்தி எனக்கு ஒன்று வந்தது. பல் தப்பியது.

பேரனுக்கு இப்போதே ரீஃப் நாட், குளோவ் ஹிட்ச் என்ற இரண்டு கயிற்று முடிச்சுகளையும் பழக்கிவிடு. காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது உனக்கும் பொழுது போகும். தட்டு, டம்ளர், டார்ச் எல்லாவற்றிலும் பெயர் எழுதி அனுப்பு. போன் வேண்டாம். மருமகள் அதற்குச் சம்மதிப்பாளா என்று முதலில் கேட்டு எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய கூடாரத் தோழன்