முதலில் ஃபேன், அப்புறம் கூண்டுக் கதவு

பெர்த், ஆஸ்திரேலியா

அன்புள்ள முரளிக்கு,

காக்கட்டீல், அதுதான் அந்தக் கொண்டை வைத்த சின்னக் கிளி, ஒரு ஜோடி வாங்கியிருக்கிறாய், ஹாலில் பறக்க விடப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். கூண்டைத் திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடு. போனில் சொன்னால் பாதி உன் காதில் ஏறாது.

இது இந்த நாட்டுப் பறவை. நகரத்துக்குள் அதிகம் கண்ணில் படாது. கிழக்கே கோதுமை விளையும் பக்கம் போனால் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், தரையில் இறங்கிப் புல்விதை பொறுக்கும். வெட்டவெளியில் தலையைக் குனிந்து தின்கிற ஜீவன் என்பதால் மேலே ஒரு நிழல் அசைந்தாலே கிளம்பிவிடும், எங்கே போகிறோம் என்று அப்புறம்தான் பார்க்கும். உங்கள் ஜன்னலுக்கு வெளியே காக்காய் போனாலும் அப்படித்தான். வீட்டுக்குள் அடிபடுவது பெரும்பாலும் இந்தத் திடுக்கிடலில்தான்.

அதனால் முதல் வேலை ஃபேன். இங்கே வீட்டுக்குள் பறக்கவிடுகிறவர்கள் அந்த நேரத்தில் சீலிங் ஃபேனைத் தொடுவதே இல்லை. சென்னையில் அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். காலை ஆறிலிருந்து எட்டுவரை, வெயில் ஏறுவதற்குள், பறக்கும் நேரம் என்று வைத்துக்கொள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அப்பா உள்ளே வந்ததும் கை தானாக சுவிட்சுக்குத்தான் போகும். மேலே ஒரு டேப் ஒட்டிவிடு. ஃபேன் இறக்கை முழுதாக நின்ற பிறகே கூண்டைத் திற. இன்னொரு விஷயம், இவை அறையில் எது உயரமோ அதில்தான் உட்காரும். நின்ற ஃபேன் இறக்கையில் உட்காரப் பழகிவிட்டால் நாளைக்கு ஓடுகிற ஃபேனையும் தேடிப் போகும். திரைச்சீலைக் கம்பி உயரத்தில் ஒரு வேப்பங்குச்சியைக் கட்டு, அதுவே அதன் இடமாகட்டும். குச்சி காலால் பிடிக்கிற அளவுக்கு, கட்டைவிரல் கனத்தில், மேடுபள்ளமாக இருந்தால் நல்லது.

அடுத்தது கதவு. இங்கே ஜன்னலுக்கு ஜன்னல் ஈ வலை உண்டு. வாசலிலும் தானாக மூடிக்கொள்ளும் வலைக்கதவு இருக்கும். ஈக்காக வைத்தது, பறவை வளர்ப்பவர்களுக்கு வசதியாகப் போயிற்று. நம் ஃபிளாட்டில் மரக்கதவுக்கு வெளியே க்ரில் கேட் இருக்கிறதே, அதன் இடைவெளியில் இது சுலபமாக நுழைந்து போய்விடும். அதில் அரை இஞ்சுக்குக் குறைவான கண் உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை அடி. துத்தநாகம் பூசிய வலை மலிவு, ஆனால் கடித்துக் கடித்து உடம்பில் துத்தநாகம் ஏறினால் விஷம். நைலான் கொசுவலையை அலகால் ஓட்டை போட்டுவிடும், நகமும் மாட்டும். இரண்டு கதவும் ஒரே சமயத்தில் திறக்கக் கூடாது என்பதைப் பால் போடுகிறவர்வரை எல்லாருக்கும் சொல்லிவை.

கண்ணாடி ஜன்னலுக்கு முதல் வாரம் திரையை இழுத்தே வை. பிறகு நாலு விரல் இடைவெளியில் டேப் கோடுகள் ஒட்டு. பீரோ கண்ணாடிக்குத் துணி. பாத்ரூம் வாளியை மூடிவை. குடிக்க இறங்கினால் வழுக்கும் சுவரில் ஏற முடியாது.

சமையலறை முழுத் தடை. எண்ணெய்ச் சட்டி எல்லாருக்கும் தெரியும், தெரியாதது நான்ஸ்டிக். தோசைக்கல்லை அடுப்பில் மறந்துவிட்டால், 260 டிகிரிக்கு மேல் சூடேறும்போது பூச்சிலிருந்து வருகிற வாயு மனிதருக்கு வாசனைகூடத் தெரியாது, பறவை நிமிஷங்களில் விழுந்துவிடும். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரலில் காற்று ஓடிக்கொண்டே இருக்கிற உடம்பு அது. அம்மாவை இரும்புக் கல்லுக்கே திரும்பச் சொல், தோசையும் நன்றாக வரும். கொசுவத்தியும் ஊதுபத்தியும் பறவை இருக்கும் அறையில் வேண்டாம். கொசுத் தொல்லை என்றால் வத்திக்குப் பதிலாக ராத்திரி கூண்டுக்கு மேல் கொசுவலையைப் போடு. வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நிறுத்தச் சொல்லி நான் சண்டை போட மாட்டேன். பறவைகளைப் பின் அறையில் வைத்துக் கதவைச் சாத்து, வாசனை முழுசாகப் போன பிறகு கொண்டு வா.

பழக்குவதைப் பார்ப்போம். ராத்திரி தீவனக் கிண்ணத்தை எடுத்துவிடு, காலையில் பறந்த பிறகு கொடு. பட்டினி போடாதே, லேசான பசி போதும். கையில் தினைக்கதிரைப் பிடித்து, எப்போதும் ஒரே சீழ்க்கை அடித்துக் கூப்பிடு. முதலில் ஒரு சாண் தூரம், அது தயங்காமல் வந்தால் ஓரடி, பிறகு ஹாலின் மறுமுனை. ஐந்து நிமிஷம் போதும். பலரும் நேர்மட்டத்தில் மட்டும் பழக்குவார்கள். திரைக்கம்பியிலிருந்து தரைக்கு இறங்கி வரவும் பழக்கு. வீட்டுப் பறவை தப்பிப் போனால் மரத்து உச்சியில் உட்கார்ந்துகொண்டு, நீ கூப்பிடுவது கேட்டாலும் இறங்கத் தெரியாமல் கத்திக்கொண்டிருக்கும். அப்படி ஆனால் அதன் ஜோடிப் பறவையைக் கூண்டோடு மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் விடியற்காலையிலும் சாயங்காலமும் குரல் கொடுக்க வை. தாமதித்தால் காக்காய்க் கூட்டம் விரட்டிவிடும்.

துரத்திப் பிடிக்காதே. உணவு கூண்டுக்குள் மட்டும் இருந்தால் தானே உள்ளே போகும். அவசரமென்றால் விளக்கை அணைத்து, இருட்டில் அசையாமல் இருக்கும்போது துணியால் எடு. நெஞ்சை அழுத்தாதே, மார்பெலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு.

எச்சத்தைப் பற்றி அம்மா கவலைப்படுகிறாளாம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் போடும், அதைத் தடுக்க முடியாது. எழுந்தவுடன் போடும் பெரியது கூண்டிலேயே விழுந்த பிறகு திற, உட்காரும் இடத்தின் கீழே பேப்பர் போடு. காய்ந்ததும் தட்டினால் வந்துவிடும். இறகிலிருந்து மாவு போல் தூசி உதிரும். அப்பாவுக்கு வீசிங் இருப்பதால் அவர் படுக்கும் அறையில் விடவே விடாதே.

தினமும் காலையில் தீனிக்கு முன் சமையல் தராசில் எடை பார். 80லிருந்து 110 கிராம்வரை சாதாரணம், ஆனால் முக்கியம் அதன் சொந்தக் கணக்கு. 90 கிராம் பறவை 81க்கு இறங்கினால், ஆட்டம் பாட்டமாக இருந்தாலும் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போ. நோயை மறைப்பது அதன் பிறவிக் குணம். பெட்டைக்குக் கணவாய் ஓடு எப்போதும் இருக்கட்டும். சோபாவுக்கு அடியில், அலமாரி இடுக்கில் நுழைய விட்டால் அதைக் கூடு என்று நினைத்து ஓயாமல் முட்டையிட்டுச் சுண்ணாம்புச் சத்தை இழக்கும். கூண்டின் அடியில் உப்பிக்கொண்டு முக்கினால் முட்டை அடைத்திருக்கிறது, அன்றைக்கே டாக்டர்.

தினை, சாமை, கம்பு, முருங்கைக்கீரை, துருவிய கேரட் கொடு. சூரியகாந்தி விதை கொஞ்சம் மட்டும். அவகாடோ, சாக்லேட், காபி விஷம். ஈரத் தீனியை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடு, நம் ஊர் வெக்கைக்குப் புளித்துவிடும்.

கடைக்காரர் பச்சைக்கிளியும் தருகிறேன் என்றால் வாங்காதே, 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். காக்கட்டீல் நம் நாட்டுப் பறவை இல்லை, அதற்கு அந்தத் தடை கிடையாது.

தீபாவளி வருகிறது. இருட்டில் சத்தம் கேட்டால் இந்த இனம் கூண்டுக்குள்ளேயே மோதி மோதி இறகை உடைத்துக்கொள்ளும். அந்த ராத்திரிகளில் உள் அறையில் வை, மூன்று பக்கம் துணி, ஒரு சின்ன ஜீரோ வாட் பல்பு, ஜன்னல் சாத்தல். மோத ஆரம்பித்தால் விளக்கைப் போட்டுத் தணிந்த குரலில் பேசு, கையை உள்ளே விடாதே. ரத்தம் ஓடுகிற இளம் இறகு முறிந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடி, கார்ன்ஃப்ளோர் மாவு தொட்டு வைத்தால் உறையும்.

வலை அடித்ததும் க்ரில் கேட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பூட்டுப் பக்கம் இடைவெளி விட்டிருப்பார்கள்.

அன்புடன்,
அக்கா