ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசித்த செயலாளர் அறிக்கை: நூற்பதற்கு முன் சாயமேற்றிய ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

நூற்று முடித்த கம்பளி நூலுக்குச் சாயம் தோய்க்கும் வழக்கத்தை ஓராண்டுக்கு நிறுத்தி வைத்து, ரோமமாக இருக்கும்போதே வீட்டில் சாயமேற்றி அதன்பின் நூற்பது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். அத்தீர்மானம் எவ்வாறு நிறைவேறியது என்பதே இவ்வறிக்கையின் பெரும்பகுதி. மழையால் சாலை அடைபட்ட ஜூலை தவிர, மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

நாம் எடுத்துக்கொண்டது நம் மலையிலேயே வளரும் நீலகிரி ஆட்டின் ரோமம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனியன் மெரினோ, செவியட், சவுத் டவுன் ஆகிய வெளிநாட்டு இனங்கள் கலந்து உருவான இவ்வினம் மென்மையான ரோமம் தருவது. சாண்டிநல்லாவிலுள்ள ஆராய்ச்சி நிலையம் இதைப் பேணி வருகிறது. எண்ணிக்கை குறைந்துவரும் இந்த ஆட்டின் ரோமம் வாங்க ஆளின்றிக் கொட்டகை மூலையில் கிடப்பதைக் காண மனம் பொறுக்காமல்தான் நம்மில் பலர் இச்சங்கத்தில் சேர்ந்தோம் என்பதைப் புதிய உறுப்பினர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கத்தரித்த ரோமத்தில் இருக்கும் கொழுப்பு முழுவதும் போகாவிட்டால் சாயம் உள்ளே இறங்காது. எனவே சுமார் 60 டிகிரி வெந்நீரில், காரம் குறைந்த சோப்புக் கரைசலில், பிசையாமலும் அலசாமலும் அமிழ்த்தி வைத்தே அழுக்கெடுத்தோம். காய்ந்தபின் எடை போட்டு, சாயம் இழையில் நிலைத்துப் பிடிப்பதற்காக 100 கிராம் ரோமத்துக்கு 12 கிராம் படிகாரம் என்ற அளவில் கரைத்து, அடுப்பை மெதுவாக ஏற்றி, கொதி வராமல் ஒரு மணி நேரம் வைத்திருந்து, இரவு முழுவதும் பாத்திரத்திலேயே ஆறவிட்டோம். சாயத்துக்கென்று தனி எவர்சில்வர் பாத்திரம் வைத்துக்கொள்ள வேண்டும்; அது மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது.

என் கையால் நேர்ந்த பிழை ஒன்றையும் பதிவு செய்கிறேன். டிசம்பரில், செண்டுமல்லிச் சாயத்திலிருந்து எடுத்த சூடான ரோமத்தை, பொழுது சாய்ந்துவிட்டதே என்ற அவசரத்தில் நேரே குழாய்த் தண்ணீரில் பிடித்து அலசிவிட்டேன். கம்பளி இழையின் மேல் மீன் செதிளைப் போன்ற நுண்செதில்கள் உண்டு. சூட்டிலிருந்து திடீரென்று குளிருக்கு வந்து, கையசைவும் சேர்ந்துகொண்டால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அரைக் கிலோ ரோமம் பிரிக்கவே முடியாதபடி கட்டிப்பட்டுப் போயிற்று. அன்றுமுதல் ரோமத்தைக் கொசுவலைத் துணிப் பையில் தளர்வாகக் கட்டித்தான் சாயத்தில் இறக்குகிறோம். சாயநீரிலேயே ஆறவிட்டுத்தான் எடுக்கிறோம்.

மார்ச் மாதக் கூட்டத்தில் சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேரை எடுத்துக்கொண்டோம். மஞ்சிட்டி நம் சோலைகளின் ஓரத்திலேயே படர்கிறது என்றாலும், காட்டில் வேரைத் தோண்டுவது முறையன்று என்பதால் நாட்டுமருந்துக் கடையில் வாங்கி, இடித்து, ரோமத்தின் எடைக்குச் சம எடையாக முதல்நாள் இரவே ஊற வைத்தோம். சூடு 70 டிகிரியைத் தாண்டினால் சிவப்பு மங்கிப் பழுப்பு தலைதூக்கும் என்பதால், மூத்த உறுப்பினரான அம்மா ஒருவர் விறகை இழுப்பதும் தள்ளுவதுமாக இரண்டு மணி நேரம் அடுப்பை விட்டு நகரவில்லை. மறுநாள் காலை பையை அவிழ்த்தபோது, மேற்புறம் செங்கல் சிவப்பாகவும், இறுகிக் கிடந்த நடுப்பகுதி வெளிறிய இளஞ்சிவப்பாகவும் இருந்தது. புதியவர்கள் சிலர் வீணாகிவிட்டதென்று வருந்தினார்கள்.

வீணாகவில்லை. நூலில் திட்டுத்திட்டாகச் சாயம் பிடித்தால் அது துணிவரை தொடரும் குறை, ரோமத்தில் அப்படியன்று. கம்பிச் சீப்பில் இரண்டு முறை கோதியதும் அடர்ந்ததும் வெளிறியதும் இழை இழையாகக் கலந்துவிட்டன. அதே ரோமத்தில் செண்டுமல்லி மஞ்சள் கொஞ்சமும், திண்டிவனம் பக்கத்து அவுரியில் தோய்த்த நீலம் ஒரு சிட்டிகையும் சேர்த்துக் கோதித் தக்ளியில் நூற்றோம். எட்ட நின்று பார்த்தால் முதிர்ந்த மாதுளைத் தோலின் நிறம். வெயிலில் கண்ணருகே பிடித்தால் சிவப்பும் மஞ்சளும் நீலமும் தனித்தனியே தெரிகின்றன. நூற்றபின் தோய்த்த எந்த நூலிலும் இந்த ஆழத்தை நான் கண்டதில்லை. வீட்டு அடுப்பில், சிறு பாத்திரத்தில் வேலை செய்யும் நமக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அவுரி குறித்து ஓர் எச்சரிக்கை. பருத்திக்குப் பழக்கமான சுண்ணாம்புக் காரத்தைக் கம்பளி தாங்காது. இழை முரடாகி நைந்துவிடும். காரத்தை இயன்றவரை குறைத்து, கைபொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே வைத்து, குறைந்த நேரமே முக்க வேண்டும். வெங்காயத் தோல் எல்லார் கைக்கும் நன்றாக வந்தது. மஞ்சள்கிழங்கு முதல்நாள் கண்ணைப் பறித்தது. சன்னலோரம் வைத்த மாதிரி சில வாரங்களில் வெளுத்துப் போனதால் அதை நம் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம்.

பச்சை நிறத்துக்காக மயில்துத்தம் சேர்க்கலாமா என்று செப்டம்பரில் நீண்ட விவாதம் நடந்தது. மிஞ்சும் நீர் கடைசியில் ஓடைக்குத்தான் போகும் என்பதாலும், அதிலுள்ள செம்பு மீனுக்கும் பாசிக்கும் நஞ்சு என்பதாலும், அதை எவ்வகையிலும் பயன்படுத்துவதில்லை என்று ஒருமனதாக முடிவாயிற்று. பச்சை வேண்டுவோர் மஞ்சளேற்றிய ரோமத்தை அவுரியில் முக்கிக்கொள்ளலாம்.

வரும் ஆண்டிலும் இம்முறையையே தொடரவும், பொதுப் பயன்பாட்டுக்கு இன்னொரு ஜோடி கம்பிச் சீப்பு வாங்கவும், உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் சாய மாதிரியை எடைக்குறிப்போடு சங்கப் பதிவேட்டில் ஒட்டிவைக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்