ஆலை வாசல் கேமரா: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே மூத்தவள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

உன் அரிசி ஆலையில் இரவில் நெல் மூட்டைகள் திருட்டுப் போன விஷயம்தான் மனத்தை உறுத்துகிறது. லாரி தெரிகிறது, எண் தெரியவில்லை, அதனால் கேமராவையே மாற்றப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே. அந்தப் படத்தில் கேட்டின் கம்பிகள் ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கின்றன. லாரி மட்டும் இழுபட்டுக் கிடக்கிறது. லென்ஸில் குறை இருந்தால் கம்பியும் மங்கியிருக்கும். கோளாறு ஷட்டர் வேகத்தில்தான், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே வாங்குகிறது என்பதில். இருட்டில் வெளிச்சம் போதாமல் கேமரா தானாகவே 1/25 நொடிக்கு இறங்கியிருக்க வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும் வண்டி அந்த நேரத்துக்குள் 22 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். எண் எப்படிப் படியும்?

கேமரா அமைப்புகளில் எக்ஸ்போஷர் (ஒளி அளவு) பகுதியில் ஷட்டரை நீயே 1/250 நொடிக்கு வை. நகர்வு இரண்டு சென்டிமீட்டராகச் சுருங்கும். வெளிச்சமும் பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்பதால், கேட்டுக்கு மேலே சாலையைப் பார்த்தபடி ஒரு எல்.ஈ.டி. விளக்கு அவசியம். கேமராவின் பணத்தில் சிறு பகுதிதான் அதற்கு ஆகும். நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை தனிப்படம், என்பது வேறு கணக்கு. 25 ஃபிரேம் வைத்தாலும் ஒவ்வொன்றும் மங்கலாக இருந்தால் என்ன பயன்? எண்ணைப் படிக்கத் தெளிவான ஒரே ஒரு ஃபிரேம் போதும்.

உன் வாசல் கிழக்கு பார்த்தது. காலை வெயிலில் உள்ளே வருபவர் முகம் கறுத்துப் போவதற்கு வெயிலையும் நிழலையும் சமன்செய்யும் டபிள்யூ.டி.ஆர். என்ற வசதியைப் போடு. ஆனால் பகலுக்கு மட்டும். வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்ததை அது ஒன்றாக இணைப்பதால், இரவில் ஓடும் வண்டிக்குப் பின்னால் நிழல்போல இன்னொரு உருவம் விழக்கூடும். பெரும்பாலான கேமராக்களில் பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியாக அமைக்க இடம் உண்டு.

ஆறு நாளுக்கு முந்தைய பதிவு அழிந்துவிட்டது என்றாயே, அதுவும் கணக்குத்தான். பொருத்தியவர் எட்டு கேமராவையும் 4 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 4 மெகாபிட்) பிட்ரேட்டில், அதாவது பதிவு எழுதும் வேகத்தில், விட்டுப் போயிருக்கிறார். ஒரு கேமரா நாளுக்கு 43 ஜி.பி. எழுதும், எட்டும் சேர்ந்தால் 345. உன் 2 டி.பி. டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. வாசலையும் எடைமேடையையும் அப்படியே விடு. தவிட்டுக் கொட்டகை, களம், பின்சுவர் இவற்றுக்கு நொடிக்கு 12 ஃபிரேம் போதும். பிட்ரேட்டைக் காட்சிக்கேற்ப மாறும் வகையில் வைத்து, உச்சவரம்பு 1.5 எம்.பி.பி.எஸ். கொடு. ரெக்கார்டர் ஏற்றுக்கொண்டால் எச்.264 என்ற வீடியோ சுருக்க முறையை விட்டுப் புதிய எச்.265க்கு மாறு, அதே தரத்துக்கு இடம் நன்றாகக் குறையும். கேமரா எல்லா ஃபிரேமையும் முழுதாக எழுதாது, இடையில் மாறியதை மட்டும் எழுதும். முழு ஃபிரேம் விழும் இடைவெளியை இரண்டு நொடிக்கு மேல் நீட்டாதே. நீட்டினால் இடம் மிச்சமாகும், ஆனால் வேண்டிய நொடியைத் தேடும்போது பதிவு தடுமாறும்.

இன்னொன்று. இருட்டில் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் துள்ளுகிறதே, அதையும் அசைவு என்றே எண்ணி கேமரா இடத்தை விழுங்கும். அந்தப் புள்ளிகளை அடக்கும் இரைச்சல் குறைப்பை நடுவில் வை. அதிகம் ஏற்றினால் நடமாடும் முகம் கரைந்துவிடும். கண்ணாடியில் தவிட்டுத் தூசியும் சிலந்தி வலையும் சேராமல் பார்த்துக்கொள். கேமரா இரவில் வீசும் அகச்சிவப்பு ஒளி அவற்றில் பட்டுத் திரும்பி, படத்தையே வெளுக்க வைத்துவிடும்.

கைப்பேசியில் பார்க்க முழுத் தரமான மெயின் ஸ்ட்ரீமை இழுக்காமல், சிறிய சப் ஸ்ட்ரீமை 640க்கு 360 புள்ளி அளவில் அமை. எட்டு கேமராவிலும் நேரம் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார். போலீஸ் அதைக் கேட்கக்கூடும்.

விளக்கைப் போட்டு ஷட்டரை மாற்றியதும், இரவில் உன் லாரியையே ஒருமுறை வாசல் வழியாக ஓட்டச் சொல்லி, அந்தப் படத்தை எனக்கு அனுப்பு. முகப்பு விளக்கின் கூச்சம் எண்ணை மறைத்தால் அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரவி