பாப்வாவுக்கு மறுக்கப்பட்ட பயணம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எர்னி எல்ஸ் போன்ற நம் தென்னாப்பிரிக்க கோல்ஃப் வீரர்கள் அமெரிக்காவின் புளோரிடாவில் குடியேறியதைச் சிலர் குறை கூறுகிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. நம் முன்னோரும் பிழைப்பைத் தேடித்தான் இந்தியாவிலிருந்து டர்பன் அமைந்துள்ள இந்த நேட்டால் பகுதிக்குக் கப்பலேறினார்கள்.

என் நெஞ்சை அறுப்பது இந்திய வம்சாவளி கோல்ஃப் வீரர் பாப்வா சிவ்கோலமின் கதை. டர்பனில் கோல்ஃப் வீரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளராக (caddie) இருந்த அவர் 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் நெதர்லாந்தின் டச்சு ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்றார். 1963இல் நேட்டால் ஓப்பனை வென்றபோதோ, இந்தியர் என்பதால் கிளப் கட்டடத்துக்குள் விடாமல், மழையில் வெளியே நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்கள். பின்னர் அன்றைய நிறவெறி அரசு அவருடைய பாஸ்போர்ட்டையும் பறித்தது. வெளிநாடு சென்று ஆடிப் பிழைக்கும் வழியும் அடைபட்டது.

உம்கேனி ஆற்றங்கரையில் அவர் பெயர் தாங்கிய கோல்ஃப் மைதானத்தை நகராட்சி நன்றாகப் பராமரித்து, நம் பிள்ளைகளுக்கு அங்கே பயிற்சி அளிக்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்