அம்முவுக்கு, வெனிஸிலிருந்து அப்பா

அன்புள்ள அம்முவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். அம்மாவுக்கு முட்டி வலி, மற்றபடி ஒன்றுமில்லை. நீ எழுதிக் கொடுத்த தாள் என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. சாந்தா லூசியா ஸ்டேஷன் வாசலில் இறங்கினால் எதிரே தண்ணீர்தான் என்று எழுதியிருந்தாயே, அப்படியேதான். ஒன்றாம் நம்பர் படகில் ஏறி கிராண்ட் கனால் முழுவதையும் பார்த்துக்கொண்டே சான் மார்க்கோ வரை போனோம். ரியால்டோ பாலத்தடியில் போகும்போது, "அம்மு இருந்தால் இந்நேரம் எத்தனை போட்டோ எடுத்திருப்பாள்" என்றாள் அம்மா. நான் பதில் சொல்லவில்லை.

நான்கு பேருக்கு நீ போட்ட அறை. இரண்டு கட்டில் சும்மா கிடக்கிறது. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்றாய், சரி. அதே வாரம் உனக்கும் வேலை வந்துவிட்டதா? விசாரணை இல்லை அம்மா, கண்ணில் படுவதை எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

காலமெல்லாம் பாலமும் மதகும் கட்டியவனுக்கு இந்த ஊரில் அடித்தளத்தின் மேல்தான் கண் போகிறது. சாலூத்தே தேவாலயம் 1630இல் வந்த கொள்ளைநோய்க்காக நேர்ந்துகொண்டு கட்டியது. சேற்றில் 10 லட்சத்துக்கும் மேல் மரக்கம்பங்களை நெருக்கி அடித்து இறக்கி, மேலே பலகை, அதற்கும் மேலே கல். சேற்றுக்குள் காற்று புகாததால் அந்த மரம் இத்தனை நூறு வருஷமாகத் தாங்குகிறது. அடி கெட்டி. சேதமெல்லாம் தண்ணீர் மட்டத்தை ஒட்டித்தான். நனைவதும் காய்வதுமாக இருக்கிற செங்கல்லில் உப்பேறி, வெள்ளை பூத்து, விரலால் தேய்த்தால் பொடிப்பொடியாக உதிர்கிறது. அம்மா, "தொடாதீங்க, யாராவது வந்து கேட்கப் போறாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

1966 நவம்பர் 4 அன்று தண்ணீர் 194 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. 2019இல் 187. அதற்கு அடுத்த வருஷம்தான் கடல் உள்ளே வரும் மூன்று வாய்களிலும் வைத்த கதவுகளை வெள்ளத்தைத் தடுக்க முதன்முதலாகத் தூக்கினார்கள். மொத்தம் 78. மற்ற நாளில் உள்ளே தண்ணீர் நிரம்பிக் கடலடியில் படுத்திருக்கும். காற்றை அடித்து அந்தத் தண்ணீரை வெளியே தள்ளினால் எழுந்து நிற்கும். எனக்கு இதைவிடப் பிடித்தது வேறொன்று. வெள்ளம் ஏறப் போகிறதென்றால் முன்கூட்டியே சைரன் ஊதி ஊருக்குத் தெரிவித்துவிடுவார்கள். வாசல் நிலைகளில் இரண்டு பக்கமும் பள்ளம் வைத்திருக்கிறார்கள், தடுப்புப் பலகையை அதில் இறக்கிவிட வேண்டியதுதான். எதுவானாலும் முன்னாலேயே காதில் போட்டால் பலகை போட நேரம் கிடைக்கும். உன் சின்ன அத்தை போன வாரம் பேசும்போது ஏதோ சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியக் கூடாதா?

கொண்டோலா அரை மணிக்கு 90 யூரோ. அம்மா வேண்டாமென்று சொல்லிவிட்டாள். 2 யூரோ கொடுத்து அக்கரைக்குப் போகும் படகில் ஏறினோம். ஒரே பக்கம் துடுப்பு போட்டும் கொண்டோலா எப்படி நேராகப் போகிறது என்று யோசித்தேன். இடப்பக்கத்தை அகலமாக வைத்துப் படகையே கோணலாகக் கட்டுகிறார்கள். கெட்டிக்காரர்கள்.

ஒரு சாயங்காலம் வழி தவறிவிட்டோம். வீட்டு நம்பர் இங்கே தெருவாரியாக இல்லை, பேட்டை முழுவதற்கும் ஒரே வரிசை, ஆயிரக்கணக்கில் போகிறது. அப்போதும் உன் தாள்தான் கை கொடுத்தது. பாலம், சந்து, திருப்பம் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாய். விடுதிக்காரரிடம் காட்டி, என் பெண் எழுதியது என்று சொன்னேன். எங்களுக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவள், போனில் மட்டும் "நல்லா இருக்கேன்பா" என்று இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாய். சாப்பாட்டை விட்டுவிடாதே. போன தடவை வீடியோவில் கழுத்தெலும்பு தெரிந்தது.

ஊருக்குத் திரும்பும் முன் உன்னிடம் வந்து தங்கிவிட்டுப் போகலாம் என்று நானும் அம்மாவும் முடிவு செய்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. யாரிடமும் எதுவும் கேட்க மாட்டோம். டிக்கெட்டை மாற்ற எனக்குத் தெரியவில்லை, நீயே மாற்றி அனுப்பு.

அன்புடன்,
அப்பா